ஏரி வளைவின் மஞ்சள் பூக்கள்

வேலையை விட்டு வந்த பிறகும் எல்லோரும் அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரி, ஏன், கட்டிய கணவர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் அழைப்பார். பாதி வாழ்க்கை மலைப்பாதை பஸ்ஸை ஓட்டியவளுக்கு வேறு பெயர் ஒட்டவும் இல்லை.

வலது கையில்தான் முதலில் நடுக்கம் வந்தது. டீ கிளாஸ் தட்டில் கடகடவென்று தாளம் போட்டபோது குளிர் என்று நினைத்தாள். வெயில் காலத்திலும் தாளம் நிற்கவில்லை. இடது கையும் சேர்ந்துகொண்டதும் டாக்டரிடம் போனாள். உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்லை, ஆனால் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போ மேனேஜர் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து நாலு நல்ல வார்த்தை பேசி அனுப்பி வைத்தார். அதற்குப் பிறகு அவள் டிப்போ பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கணவர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் அவருடைய கடை. நாள் முழுக்க மிஷின் ஓடும், வாயும் ஓடும். ஓயாமல் வேலை செய்யும் மனிதருக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பது டிரைவரம்மாவுக்கு முள்மேல் உட்கார்ந்தது போல் இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், தான் புதிதாக ஒன்று வாங்கியபோது பழைய கேமராவை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பொழுது போகட்டுமே என்று அதை எடுத்தாள். முதலில் எடுத்ததெல்லாம் கலங்கிய குட்டை மாதிரி இருந்தது. பிறகு ஒரு டிரைபாட் வாங்கினாள். பட்டனை அமுக்கினால் கொஞ்சம் பொறுத்துத் தானாகவே கிளிக் ஆகும் வசதியையும் கண்டுபிடித்தாள். அதோடு கலங்கல் போய்விட்டது.

"எனக்கு நடுங்கினா என்ன, இதுக்கு மூணு கால் இருக்கு, ஒண்ணுகூட நடுங்கல," என்று கணவரிடம் சொன்னாள். வேலையை விட்டபின் அவள் சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான் என்று அவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனிதர்களை எடுப்பது அவளுக்குச் சரிப்படவில்லை. அவள் தயாராவதற்குள் அவர்கள் கொட்டாவி விட்டார்கள். மலையும் பூவும் அப்படியல்ல. எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்காமல் நின்றன.

ஒருநாள் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். அவளுடன் ஒரே பஸ்ஸில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர். அவளைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். இப்போதும் அதே மலைப்பாதை ரூட்டில்தான் இருந்தார், ஓட்டுநர் மட்டும் மாறியிருந்தார். டிப்போவில் புதிதாகப் பயணிகள் கூடம் கட்டியிருக்கிறார்கள், அதில் பெரிதாக ஒரு படம் மாட்டப் போகிறார்கள், வேலையில் இருப்பவர்களும் இருந்தவர்களும் தாங்கள் எடுத்த படங்களைக் கொடுக்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார் என்ற செய்தியைக் கொண்டுவந்தார்.

கண்டக்டர் டீ குடித்து முடித்து எழுந்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஏரி வளைவு. அதைத்தான் எடுக்கப் போறேன்."

ஏரி வளைவு என்பது ஓட்டுநர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் சரிவு. சரிவு முழுக்க ஒரு பருவத்தில் மஞ்சள் பூ பூக்கும். அதற்குக் கீழே ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் மலை. ஜன்னலோரப் பயணிகள் எல்லோரும் ஆவென்று பார்க்கும் இடம். ஓட்டுநர் மட்டும் பார்க்கக் கூடாத இடம். அங்கே கண் சாலையை விட்டு நகர்ந்தால் அவ்வளவுதான். இத்தனை வருடமும் கடைக்கண்ணில் மஞ்சளாக ஏதோ, நீலமாக ஏதோ என்று ஓடியதே தவிர, அவள் அந்த இடத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை.

கண்டக்டரின் அடுத்த விடுமுறையன்று இருவரும் பஸ் ஏறி, வளைவைத் தாண்டிய நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்கள். பூ பூத்திருந்தது. அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்டக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் கேமராவில் வந்தது வேறு. வானம் வெளுத்துக் கிடந்தது. ஏரி தகரம் மாதிரி மின்னியது. பூச்செடிகளின் இலையும் இதழும் எண்ணெய் தடவியது போலப் பளபளத்து, மஞ்சளே தெரியாமல் வெள்ளைத் திட்டுகளாக விழுந்திருந்தன. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்குத் தெரியவில்லை.

கடைத்தெருவில் கேமரா கடை வைத்திருந்த பெண்ணிடம் அந்தப் படங்களைக் கொண்டுபோனாள். சுறுசுறுப்பான பெண், பேச்சும் அப்படித்தான். வானத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவு சரி செய்துவிடலாம், இலைப் பளபளப்பைச் சரி செய்ய முடியாது என்றாள். வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற இடத்தில் அடியில் இருக்கும் நிறம் பதிவாகவே இல்லை, இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்டாள். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர்களை எடுத்து வைத்தாள். வெறும் தூசிக்கும் கீறலுக்கும் காவலாக ஒன்று. தண்ணீர் பட்டுப்போல் வழிவதாகக் காட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்று. மேல்பாதி கறுப்பும் கீழ்பாதி தெளிவுமாக, வானத்தை மட்டும் அடக்கும் சதுரக் கண்ணாடி ஒன்று. பூவுக்குப் பக்கத்தில் போய்ப் பெரிதாக எடுக்க ஒன்று. கடைசியாக, சுழலும் வளையத்தோடு போலரைசர் என்று ஒன்று.

போலரைசரைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் தெருவைப் பார்க்கச் சொன்னாள். எதிரில் ஒரு கார் நின்றிருந்தது. அதன் முன்கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. கடைக்காரப் பெண் வளையத்தை மெல்லத் திருப்பியதும் வானம் கரைந்தது. உள்ளே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது தெரிந்தது.

"இது அப்பவே இருந்திருந்தா என் பஸ் கண்ணாடி முழுக்க மாட்டியிருப்பேன்," என்றாள் டிரைவரம்மா. அதையே வாங்கிக்கொண்டாள்.

ஃபில்டர் வாங்கிய கதையைக் கேட்ட கணவர், வீட்டில் நல்ல டீ வடிகட்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றார். மகளோ போனில், முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் ஃபில்டர் செல்போனிலேயே இருக்கிறதே என்றாள். இருவருக்கும் பொறுமையாக விளக்கினாள். இருவரும் தலையாட்டினார்கள். இருவருக்கும் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

அடுத்த தடவை வளைவுக்குப் போனபோதுதான் சோதனை. அந்த ஃபில்டரைத் திருகித்தான் மாட்ட வேண்டும். மெல்லிய மரை. அவள் விரல்கள் நடுங்கி நடுங்கி மரையில் கோணலாக ஏற்றின. கடைசியில் கண்டக்டர் வாங்கி மாட்டிக் கொடுத்தார். வளையத்தையாவது தானே திருப்புவோம் என்று பிடித்தாள். விரல் துள்ளியது. ஒரு மயிரிழை திருப்ப வேண்டிய இடத்தில் கால் சுற்று சுற்றியது. திருப்பிக் கொண்டுவந்தால் அந்தப் பக்கம் தாண்டிப் போனது. கண்டக்டர் திருப்பட்டும், நான் கேமராவின் திரையைப் பார்த்துச் சொல்கிறேன் என்று முயன்றாள். அவருக்கு அவள் சொல்லும் இடம் வலமாகவும், வலம் இடமாகவும் கேட்டது.

"ஏம்பா, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போதும் இப்படித்தான் எனக்கு வழி சொன்னியா? எப்படி நாம உயிரோட இருக்கோம்?" என்றாள்.

சிரிப்புக்கு நடுவில் எரிச்சலும் ஏறியது. மறுபடி தானே பிடித்துத் திருப்பினாள். வளையத்தோடு சேர்ந்து ஃபில்டரே கழன்றது. பிடிக்கப் போன கை இன்னும் வேகமாக நடுங்க, அது நழுவிப் பாறையில் பட்டு ஓரத்திலிருந்து நடுவரை விரிசல் விட்டது.

கண்டக்டர் குனிந்து அதை எடுத்துத் துடைத்தார். துடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். "அக்கா, வேற இடத்துல வேற படம் எடுத்துக் குடுத்துடலாம்கா. உங்க வீட்டு வாசல்ல இருக்கிற செம்பருத்தி எவ்வளவு நல்லா வந்துச்சு," என்றார்.

அவள் டிரைபாட்டை மடக்கினாள். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை கணவர் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிஷின் நின்றால் ஏதோ பெரிய பேச்சு என்று அர்த்தம். மாட்டுவதையும் திருப்புவதையும் கண்டக்டரிடமே விட்டுவிட்டால் என்ன, படம் என்னவோ அவள் படம்தானே என்று மெதுவாகச் சொன்னார்.

"ஸ்டியரிங்கை இன்னொருத்தர் கையில குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்தா, அது நான் ஓட்டின பஸ்ஸாங்க?" என்று கேட்டாள்.

ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க ஆள் வைத்தால் தனக்கு எப்படியிருக்கும் என்று நினைத்திருப்பாரோ என்னவோ, அவர் எழுந்துபோய் மிஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் கடை திறக்கும்போதே டிரைவரம்மா வாசலில் நின்றாள். விரிசல் விட்ட ஃபில்டரை மேஜைமேல் வைத்தாள். கடைக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு அவள் கையையும் பார்த்தாள். இந்த வேலைக்கு விரல் ரொம்ப நிதானமாக இருக்க வேண்டும், அதனால் என்று இழுத்தாள்.

"இங்க பாரும்மா. என் கை நடுங்கும். டாக்டராலயே நிறுத்த முடியல, நீயும் நானும் நிறுத்தப் போறதில்ல. நடுங்கற கைக்கு ஏத்த ஃபில்டர் எதுன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லிடு, வேற கடையில கேக்கறேன்."

கடைக்காரப் பெண்ணின் முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று உள்ளதைச் சொன்னாள். அலமாரியை அலசினாள், பெட்டிகளைப் பிரித்தாள், பழைய சரக்கைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் டிரைவரம்மாவே மாட்டிப் பார்த்தாள். கடைக்காரப் பெண் உதவிக்கு வந்த தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கடைசியில் காந்த ஃபில்டர் ஒன்று கிடைத்தது. லென்ஸில் ஒரு வளையத்தை ஒரே ஒரு முறை மாட்டிவிட்டால் போதும். அதன்பின் ஃபில்டரைப் பக்கத்தில் கொண்டுபோனாலே டக்கென்று தானாக ஒட்டிக்கொண்டது. கை நடுங்கினாலும் காந்தம் இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைத்தது. டிரைவரம்மா மாட்டினாள், எடுத்தாள், மறுபடி மாட்டினாள். டக். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போனது.

ஆனால் கடைக்காரப் பெண் ஒரு வெள்ளைத் தாளை ஃபில்டருக்குப் பின்னால் பிடித்துப் பார்த்ததும் இருவருக்கும் உற்சாகம் வடிந்தது. தாள் லேசாகப் பழுப்பாகத் தெரிந்தது. மட்டமான கண்ணாடி. இதில் எடுத்தால் மஞ்சள் பூ டீயில் நனைத்த மாதிரி வரும். பரவாயில்லை, கம்ப்யூட்டரில் திருத்திக்கொள்ளலாம் என்று கடைக்காரப் பெண் சொல்லிப் பார்த்தாள். டிரைவரம்மா வேண்டாம் என்று தள்ளினாள். இதைவிட நல்ல கண்ணாடியில் இதே மாதிரி செய்கிறார்களா என்று கேட்டாள். செய்கிறார்கள், வரவழைக்க வேண்டும் என்று பதில் வந்தது.

"வரவழை. ஆனா ஒண்ணு. திருப்பற வளையத்துல சின்னதா ஒரு குச்சி நீட்டிட்டு இருக்கணும். இண்டிகேட்டர் குச்சி மாதிரி. விரல் நுனியால திருப்பினாதான் எனக்குத் துள்ளுது. குச்சி இருந்தா உள்ளங்கை ஓரத்தால தள்ளிக்குவேன்."

அப்படியும் ஒன்று வருகிறது என்று கடைக்காரப் பெண் வியந்துபோய்ச் சொன்னாள். சினிமா எடுப்பவர்கள் வாங்குவார்களாம்.

அதோடு விடாமல், தண்ணீரைப் பட்டாக்கும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினால் ஏரி அற்புதமாக இருக்கும் என்றாள். அதை மாட்டினால் எவ்வளவு நேரம் லென்ஸ் திறந்திருக்கும் என்று டிரைவரம்மா கேட்டாள். பதிலைக் கேட்டதும், அத்தனை நேரம் எந்தப் பூ ஆடாமல் நிற்கும், ஏரி பட்டாகும், என் பூ பஞ்சாகும் என்று மறுத்துவிட்டாள். பூவைப் பெரிதாக்கும் ஃபில்டரை மாட்டினால் தூரத்து ஏரி மங்கிவிடும், அதுவும் வேண்டாம். வானத்துக்கான பாதிக் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் யோசித்தாள். மலை நேர்கோடாகவா நிற்கிறது, அதன் உச்சியும் சேர்ந்து கறுத்துப் போகுமே என்ற சந்தேகம் அவளுக்கு. சூரியன் பக்கவாட்டில் இருக்கும் காலை நேரத்தில் போனால் போலரைசரே வானத்தையும் அடர்த்தியாக்கிவிடும், ரொம்ப அகலமாக மட்டும் எடுக்காதீர்கள், வானம் ஒரு பக்கம் திட்டாகிவிடும் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். அப்படியானால் ஒன்றே போதும் என்று எழுந்தாள் டிரைவரம்மா.

சரக்கு வரும்வரை பூ உதிராமல் இருக்க வேண்டுமே என்று தவித்தாள். கண்டக்டர் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துவந்து நிலவரம் சொன்னார். இன்றைக்கும் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது. மேல் சரிவில் கொஞ்சம் வாடிவிட்டது. அவள் வீட்டிலேயே டிரைபாட்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டே கேமராவை அதில் மாட்டவும் கழற்றவும் பழகினாள்.

ஃபில்டர் வந்த மறுநாளே கண்டக்டர் லீவு போட, இருவரும் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். வெயில் அப்போதுதான் மலையின் தோளைத் தொட்டிருந்தது. சாலையோரத்தில் டிரைபாட்டை ஊன்றி, பூக்களின் உயரத்துக்கு அதன் கால்களைத் தாழ்த்தி, ஃபில்டரைப் பக்கத்தில் கொண்டுபோனாள். டக்கென்று உட்கார்ந்தது. குச்சியை உள்ளங்கை ஓரத்தால் தள்ளினாள். திரையில் இலைகளின் பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அடியிலிருந்து பச்சையும் மஞ்சளும் மேலே வந்தன.

அப்போதுதான் காற்று எழுந்தது. சரிவு முழுக்கப் பூக்கள் தலையை ஆட்டின. இந்த ஃபில்டர் வெளிச்சத்தையும் கொஞ்சம் குடித்துவிடும். அதனால் லென்ஸ் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். எடுத்த படங்களில் ஏரி கூராக இருந்தது, பூக்கள் மட்டும் அழிந்திருந்தன.

"பாத்தியா, இப்ப என் கை ஆடல. பூ ஆடுது," என்றாள்.

கண்டக்டர் குடையை விரித்துக் காற்றுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். குடை அவரையே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்தால் பூ அழியாமல் வரும், எடுங்களேன் என்றார். அழியாமல் வெள்ளைத் திட்டாக வரும், அதற்கா இவ்வளவு பாடு என்று சொல்லிவிட்டு அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். காற்று நிற்கும்வரை உட்காருவேன் என்றாள். பஸ்கள் வளைவில் வந்து போயின. அவளுடைய பழைய பஸ்ஸும் வந்தது. புது ஓட்டுநர் ஹாரன் அடித்தார், ஆனால் தலையைத் திருப்பவில்லை. சரியாகத்தான் ஓட்டுகிறான் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தன் சீட்டில் வந்து உட்கார்ந்த அந்த மனிதர்மேல் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வரவில்லை.

கொண்டுவந்த பன்னைத் தின்றார்கள். கண்டக்டர் கல்லில் சாய்ந்து குறட்டை விட்டார். அவள் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. திடீரென்று சரிவு அசைவற்றுப் போனது. அவள் எழுந்து குச்சியைத் தள்ளினாள். முழுசாகத் திருப்பியபோது இலைகளில் பளபளப்பு ஒரு துளி இல்லை. மஞ்சள் கொழுந்துவிட்டு எரிந்தது. எழுந்து வந்து எட்டிப் பார்த்த கண்டக்டர், "இதான்கா, இதான். அமுக்குங்க," என்றார்.

அவள் அமுக்கவில்லை. ஏரி செத்துக் கிடந்தது. தண்ணீரில் தெரிந்த மலையின் நிழலையும் ஃபில்டர் துடைத்து எடுத்துவிட்டிருந்தது. வெறும் கறுப்புப் பள்ளம். பூவுக்காக ஏரியை விடுவதா, ஏரிக்காகப் பூவை விடுவதா? கண்டக்டர், காற்று வந்துவிடும் என்று பரபரத்தார். அவள் குச்சியை மெதுவாகப் பின்னால் தள்ளினாள். ஏரியில் மலை வெளிறி எழுந்தது. இன்னும் கொஞ்சம். இலைகளில் மினுமினுப்பு திரும்ப ஆரம்பித்த இடத்தில் நிறுத்தினாள். இலை ஈரமாக இருப்பதாகக் காட்டும் அளவுக்குத்தான் மினுமினுப்பு. மலையும் தண்ணீரில் தலைகீழாக நின்றது.

பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிளிக். இன்னொன்று. மூன்றாவதற்குள் பூக்கள் மறுபடி தலையாட்ட ஆரம்பித்துவிட்டன.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்டக்டரோடு டிப்போவுக்குக் கொண்டுபோனாள். மேனேஜருக்குப் படம் பிடித்துவிட்டது. ஒரு சிக்கல் மட்டும்தான். கூடத்துச் சுவருக்கு நீளம்தான் இருக்கிறது, உயரம் இல்லை, அதனால் கீழே இருக்கும் பூக்களை வெட்டிவிட்டு மலையும் ஏரியும் மட்டும் போடலாம் என்றார். கண்டக்டர் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பூவை வெட்டறதா இருந்தா வேண்டாம் சார். வேற யாராவது படத்தை மாட்டிக்கோங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சுருட்டிக்கொண்டவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. புதுக் கூடத்துக்குள் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தாள். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் உயரமான சுவர் ஒன்று காலியாக இருந்தது. பஸ் நேர அட்டவணைப் பலகை வைக்க விட்டிருந்தார்கள். திரும்பிப் போய் மேனேஜரை அழைத்துவந்து காட்டினாள். பலகையை வாசலில் வைத்தால் வருகிறவர்கள் உள்ளே நுழையும் முன்பே பார்த்துக்கொள்வார்களே, இங்கே கூட்டம் சேராதே என்று விளக்கினாள். மேனேஜர் தலையைச் சொறிந்தார். அவள் வேலையில் இருந்தபோதும் இப்படித்தான், நினைத்ததைச் சாதிக்காமல் நகர மாட்டாள் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சரி என்றார்.

படம் மாட்டிய அன்று கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வாய் ஓயாத அந்த மனிதர் படத்துக்கு எதிரே நின்று, எடுத்தது யார் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண்ணும் வந்து பார்த்துவிட்டு, கை அடிபட்ட இன்னொருவரும் கேட்டார், அவருக்கும் அதே ஃபில்டரை வரவழைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லோரும் போனபின் டிரைவரம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதை பஸ் வந்து நின்றது. புது ஓட்டுநர் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவர் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். டிரைவரம்மாவைத் திரும்பிப் பார்த்து, இது எந்த ஊர் என்று மரியாதையாகக் கேட்டார்.

"தினமும் நீங்க போற இடம்தான் சார். ஏரி வளைவு."

அவர் நம்பாமல் மறுபடி பார்த்தார். "இவ்வளவு பூவா இருக்கு அங்க?"

"இருக்கு. ஆனா நீங்க பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. லீவு போடற அன்னைக்குச் சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

அவர் சிரித்தார். புறப்படும் நேரம் ஆகிவிட்டதென்று வெளியே கண்டக்டரின் விசில் கேட்டது. அவர் ஓடினார். அவள் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாள். மலைக்கு அந்தப் பக்கம் ஊதாப் பூ பூக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.